மெல்பாவின் மரங்கள்

மொத்தம் நூற்றுப் பதினான்கு மரங்கள். அதில் முப்பத்தொன்றுக்குத்தான் பெர்சிஸ் இதுவரை பச்சை போட்டிருந்தாள். மணி பத்தேகால், பன்னிரண்டுக்கு வரைபடம் சபைக் கூடத்துச் சுவரில் ஏறியாக வேண்டும். மரம் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான் அளவு ஒரு வட்டம், அதற்குள் இளம்பச்சை ஒரு பூச்சு, ஒரு பக்கம் மட்டும் அடர்பச்சை, வெளியே நிழலுக்கு மெல்லிய சாம்பல் பிறை, கட்டடக்கலைக் கல்லூரியில் முதல் வருஷமே பழக்கிவிடுவார்கள். கை அதுபாட்டுக்குப் போகும். மனம் சும்மா கிடக்கும், சும்மா கிடக்கிற மனம்தான் தொல்லை. முப்பத்திரண்டாவது மரம், வாசல் பாதையின் இடது பக்கம். பாதை நேராகப் போகாமல் வளைந்து போனது, ஏன் வளைய வேண்டும், மெல்பாவுக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். இந்த மரங்களில் ஒன்றுகூடப் பெர்சிஸுடையது அல்ல. வரைபடம் மெல்பாவுடையது, பாதை மெல்பாவுடையது, சுவரில் ஏறியதும் அதன் பக்கத்தில் நின்று பேசப்போகிறவளும் மெல்பா. பெர்சிஸுடையது பச்சை மட்டும். உகாண்டாவின் தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் வேனில் வந்தால் வருகிற இந்தக் குன்றில், ஏழு ஏக்கர் செம்மண் சரிவில், பாஸ்டர் கிகுண்டு என்பவர் ஓர் ஊழிய வளாகம் கட்டப்போகிறார், ஆராதனைக் கூடம், தையல் பள்ளி, சிறிய மருந்தகம், அறுபது பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. அதற்கு வரைபடம் போட்டுக்கொடுக்க நாகர்கோவில் பக்கத்துச் சபையிலிருந்து ஆறு பேர் பத்து நாள் மிஷன் பயணமாக வந்திருந்தார்கள். மூன்று என்ஜினியர்கள், அவர்கள் காலையிலேயே செங்கல் சூளையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குழுவின் தலைவர் ரெஜினால்ட் அண்ணன், இருபது வருஷம் கட்டடம் போட்ட கை. பிறகு இரண்டு மாணவிகள், நாலாம் வருஷம், ஒரே வகுப்பு, ஒரே ஞாயிறு பள்ளி, சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்சு. அதில் ஒருத்தி வரைந்தாள், ஒருத்தி வண்ணம் போடுகிறாள்.

முப்பத்தைந்து, முப்பத்தாறு. புதன்கிழமை காலை இதே மேஜையில் இரண்டு வரைபடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ரெஜினால்ட் அண்ணன் மாறி மாறிப் பார்த்தார். பெர்சிஸின் தாளில் எல்லாம் இருந்தது, காற்று வரும் திசை, வெயில் விழும் நேரம், வண்டி திரும்புகிற இடம், கழிவறையிலிருந்து கிணற்றுக்கு உள்ள தூரம். மெல்பாவின் தாளில் ஒரு பலாமரம் இருந்தது. சரிவின் நடுவில் ஏற்கெனவே நிற்கிற பெரிய பலாமரம், அதைச் சுற்றி ஒரு முற்றம், முற்றத்தைப் பார்த்தபடி எல்லாக் கட்டடங்களும், கோடு கோணல், எழுத்து கோழி கிளறினதுபோல. அண்ணன் அந்தப் பலாமரத்தின்மேல் விரலை வைத்தார். எதை எடுக்கப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. "மெல்பாவுக்க ப்ளான்ல ஒரு ஜீவன் இருக்கு" என்றார், பிறகு இவள் பக்கம் திரும்பி, "உனக்க ப்ளான்ல ஒரு குறையும் இல்ல பெர்சிஸ், கேட்டியா" என்றார். ஒரு குறையும் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் அவள் மென்றுகொண்டிருக்கிறாள். குறை இருந்தால் திருத்தலாம். குறை இல்லாததை என்ன செய்வது? அதன்பிறகு அவர் சொன்னது, கை நல்ல கை, கலர் நீயே பண்ணு மக்களே, உன்னைப்போல இங்கே யாரும் பண்ண மாட்டார்கள். பாராட்டுத்தான். வீட்டில் அம்மாவிடம் போனில் சொன்னால் சந்தோஷப்படுவாள். கல்லூரியில் மூன்று வருஷமும் ஜூரியில், அதாவது வெளியாட்கள் வந்து நம் வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அந்த நாளில், பெர்சிஸ்தான் முதல். மெல்பா எப்போதும் நடுவில் எங்காவது, தாளைப் பாதியில் கொண்டுவந்து மாட்டிவிட்டு, சார் இன்னும் முடியல என்று சிரிப்பாள், அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை மதிப்பெண்ணாக மாற்ற முடியாது என்று பெர்சிஸ் அன்றெல்லாம் நம்பியிருந்தாள். ஏழாம் வகுப்பில் பைபிள் வசனப் போட்டி, பெர்சிஸ் முழு அதிகாரத்தையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள், மெல்பா பாதியில் மறந்து, மேடையிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள், சபையே கைதட்டியது. பரிசு பெர்சிஸுக்கு. ஒரு எவர்சில்வர் டம்ளர். ஆனால் இன்றும் அந்தப் போட்டியைப் பற்றி யாராவது பேசினால் மெல்பா மறந்துபோன கதையைத்தான் பேசுகிறார்கள்.

நாற்பத்தொன்று. இந்த மரத்தைக் கொஞ்சம் மங்கலாக விட்டால் என்ன. ஒரு மரம், யாருக்குத் தெரியும். பென்சிலை லேசாகப் பிடித்துப் பார்த்தாள், கை கேட்கவில்லை, அடுத்த மரத்தின் அளவுக்கே அழுத்தியது, பிறையையும் போட்டது. இந்தக் கை யாருக்கு வேலை செய்கிறது என்று தெரியவில்லை. மரங்கள் வந்துகொண்டே இருந்தன, நன்றாகவே வந்தன, கோணல் கோடுகளெல்லாம் இலைக்குள் மறைந்து, பாதையின் வளைவுக்கு ஓர் அர்த்தம் வந்து, தாளை மேஜையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் குன்றே அங்கே கிடந்தது. மெல்பாவின் தாளை இவள்தான் அழகாக்கிக்கொண்டிருந்தாள். இதில் இன்னொன்றும் இருந்தது, அதை நினைத்தால் சிரிப்பும் வரவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ரெஜினால்ட் அண்ணன் தன் தொப்பிக்குள் ஆறு சீட்டு போட்டுக் குலுக்கினார். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் வருகிற பெயருக்காகப் பயணம் முழுவதும் மறைவாக ஜெபிக்க வேண்டும், யார் பெயர் வந்தது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. பெர்சிஸுக்கு மெல்பா வந்தாள். ஆக ஒரு வாரமாகக் காலை எழுந்ததும் பெர்சிஸ் கொசுவலைக்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்து மெல்பாவுக்காக ஜெபித்துவருகிறாள். முதல் சில நாள் சுகம், பாதுகாப்பு, நல்ல தூக்கம் என்று கேட்டாள். புதன்கிழமைக்குப் பிறகு, ஆண்டவரே அவளைத் தாழ்மையின் பாதையில் நடத்தும் என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்பதற்கு நல்ல ஜெபம். யார் காதில் விழுந்தாலும் ஆமென் சொல்வார்கள். இரண்டடி தள்ளி அடுத்த கட்டிலில் மெல்பா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாள், அவளுக்கு யார் பெயர் வந்ததோ, அவள் ஜெபிக்கிறாளா என்றே தெரியாது, கேட்டால் ஐயோ மறந்துட்டேன்ட்டி என்று சிரித்தாலும் சிரிப்பாள், அதற்கும் அண்ணன் சிரிப்பார்.

ஜன்னலுக்கு வெளியே இப்போது அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. மெல்பா பலாமரத்தடியில் பாஸ்டரம்மாவோடு உட்கார்ந்து பேச்சைப் பழகிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா மொழிபெயர்ப்பாள், மெல்பா ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் அந்த ஊர் மொழியான லுகாண்டாவில் ஒரு வாக்கியம், இருவரும் தாளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்து வணக்கத்தை லுகாண்டாவிலேயே சொல்ல வேண்டும் என்று மெல்பாவுக்கு ஆசை. சொன்னாள், தப்பு, பாஸ்டரம்மா திருத்தினாள், மறுபடி தப்பு, சுற்றி நின்ற பெண்கள் முழங்காலில் அடித்துச் சிரித்தார்கள். அதே வணக்கத்தைப் பெர்சிஸ் வந்த முதல் நாளே சரியாகக் கற்றுக்கொண்டாள். சொல்லவும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகப் பதில் சொன்னார்கள், அத்தோடு முடிந்தது. பாஸ்டரம்மா மெல்பாவை மகளே என்று கூப்பிடுகிறாள், பெர்சிஸைச் சகோதரி பெர்சிஸ் என்கிறாள். இரண்டும் நல்ல சொல்தான். எழுபது, எழுபத்தொன்று. தையல் பள்ளியைத் தாண்டியாயிற்று. இனிச் சரிவின் கீழ்ப்பக்கம், ஆறு மரங்கள் வரிசையாக, அதற்கு அப்பால் கிழக்கு மூலையில் ஒரு நீளக் கட்டடம், பெண்பிள்ளைகள் விடுதி. பென்சில் நின்றது. இளம்பச்சை முனை மழுங்கிவிட்டது, சீவ வேண்டும். சீவினாள். முனை கூராகவே இருந்தது, மேலும் சீவினாள், சுருள் சுருளாக மரத்தூள் மேஜையில் விழுந்தது. அந்த மூலைக்குக் கடைசியாகப் போகலாம். முதலில் மேற்குப் பக்கத்து மரங்களை முடிக்கலாம், அங்கே முப்பதுக்கு மேல் இருக்கின்றன, அதுவரை நேரம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம். அண்ணன் மேலே முக்காலிமேல் அளவுக் கருவியை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார், பெர்சிஸ் அளவுக் கம்பைத் தூக்கிக்கொண்டு பத்துப் பத்து மீட்டராகக் கீழே இறங்கினாள், அவர் கையைக் காட்டினால் நிற்க வேண்டும், கம்பை ஆடாமல் பிடிக்க வேண்டும், அவர் எழுதிக்கொண்டதும் அடுத்த இடம். மெல்பா அப்போதும் பலாமரத்தடியில்தான் இருந்தாள், பெண்களிடம் அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டு என்றால் பேசிச் சிரித்துக்கொண்டு. சரிவு முழுக்க நடந்தவள் பெர்சிஸ். மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டம் வழியாக, நம் ஊர் மரச்சீனியேதான், அதே சிவந்த காம்பு, அதைப் பார்த்ததும் விளவங்கோட்டுப் பக்கம் பஸ்ஸில் போகிறமாதிரி இருந்தது, அதற்கு அப்பால் இடுப்பளவு புல், புல்லுக்குள் கடைசிப் புள்ளி. மேலேயிருந்து பார்த்தால் வெறும் புல். கால் வைத்தாள், காலைக் காணோம். ஷூ உள்ளே போய், முட்டளவு சேறு, ஜில்லென்று, மழை விட்டு ஒரு மாதம் ஆன ஜூனில் அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நாலடி தள்ளிச் சேம்பு. சட்டிமூடி அகல இலைகளோடு ஒரு பெரிய கூட்டம். சேம்பு சும்மா நிற்காது, அது அவளுக்குத் தெரியும், அம்மா வீட்டுப் பின்னால் ஓடைக்கரையில் பார்த்தே வளர்ந்தவள், கீழே ஊற்று இருக்கிறது, வருஷம் முழுக்கச் சுரக்கிற ஊற்று. ஒரு பெண் சேற்றில் நின்று கிழங்கு பறித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, ஏதோ சொன்னாள். அண்ணன் மேலேயிருந்து கையைக் காட்டினார். பெர்சிஸ் கொஞ்சம் மேட்டில் ஏறிக் கம்பைப் பிடித்தாள். அவர் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் குழாயடியில் ஷூவைக் கழுவினாள். அதில் தப்பு இல்லை, சேறு பட்டால் கழுவத்தானே வேண்டும். அன்று மாலை தன் வரைபடத்தில் அந்த மூலையை வெறும் தோட்டமாக விட்டாள். மறுநாள் அண்ணன் அதைப் பார்த்து, இந்த மூலையை ஏன் சும்மா விட்டிருக்கே என்று கேட்டார். கேட்டார்தான். அவள் வாயைத் திறந்தாள், அதற்குள் அவர் பார்வை மெல்பாவின் தாளுக்குப் போய்விட்டது, அங்கே அதே மூலையில் விடுதி இருந்தது, காலை வெயில் பிள்ளைகளின் படுக்கையில் விழட்டும் என்று மெல்பா சொல்லிக்கொண்டிருந்தாள், அண்ணன் ஆஹா என்றார். பெர்சிஸ் வாயை மூடிக்கொண்டாள்.

மேற்குப் பக்கம் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. அவர்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். மண் பரிசோதனை என்று ஒன்று உண்டு, இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அதைச் செய்யாமல் யாரும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். ஆனால் இங்கே தோண்டுவார்கள். திங்கட்கிழமை சபையார் எல்லோரும் மண்வெட்டியோடு வருகிறார்கள், விடுதியைத்தான் முதலில் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளைகள் இப்போது ஆலயத்துத் தரையில் படுக்கிறார்கள். பாஸ்டர் நேற்று ஜெபத்தில் அதைச் சொல்லி அழுதார், பெர்சிஸும் ஆமென் சொன்னாள். சுட்ட செங்கல் மலைமலையாக அடுக்கியிருக்கிறது. பெண்கள் தலையில் சுமந்து இறக்குவார்கள், அந்தச் சேற்றுக்குள். சுவர் எழும்பும், ஒரு மழை, இரண்டு மழை தாங்கும், பிறகு விரிசல், பிறகு ஈரம், அறுபது பிள்ளைகள் நனைந்த தரையில் இருமிக்கொண்டு. இப்போதே எழுந்து போய்ச் சொன்னால் என்ன. சொல்லலாம். ஆனால் முதலில் கேட்பார்கள், எப்போது பார்த்தாய். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் அவளுக்குப் பயம், வேறெதைப் பற்றியும் இல்லை. வேறு ஒரு வழியும் இருந்தது, வியாழக்கிழமையிலிருந்து அதை அவள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவருகிறாள், ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக வந்தது. மெல்பா பேசி முடிப்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். யாருக்காவது கேள்வி உண்டா என்று பாஸ்டர் கேட்பார். அப்போது பெர்சிஸ் மெதுவாக, யாரையும் புண்படுத்தாத குரலில், எனக்கு மனசில் ஒரு சின்ன பாரம் என்று தொடங்குவாள். அந்த மூலையில் ஊற்று இருப்பதுபோலத் தெரிகிறது. அவ்வளவுதான். கூடம் அமைதியாகும். அண்ணன் கண்ணாடியைக் கழற்றுவார், சுவரில் இருக்கிற தாளைப் பார்ப்பார், பிறகு மேஜையில் மடித்துவைத்த பெர்சிஸின் தாளை எடுத்து வரச் சொல்வார், அதில் அந்த மூலை தோட்டம். மெல்பாவின் முகம். அந்த இடத்தில் படம் நின்றுவிடும். மெல்பாவின் முகம் என்ன ஆகும் என்று அவளால் பார்க்க முடியவில்லை. அது சிரித்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

"எட்டி, சக்கை." மெல்பா ஜன்னல் வழியாகவே கையை நீட்டினாள், வாழையிலைத் துண்டில் நாலு பலாச்சுளை. பெண்கள் வெட்டினார்களாம், நம் ஊர்ச் சக்கையேதான், வாசனையைப் பாரேன் என்றாள். பெர்சிஸ் வேண்டாம் என்றாள், கை ஒட்டும், தாள் கெட்டுப்போகும். "வாயத் தொற, நான் வச்சித் தாறேன்" என்று மெல்பா ஒரு சுளையைக் கொட்டை நீக்கி, பாதி உடம்பை ஜன்னலுக்குள் நுழைத்து, இவள் வாயில் வைத்தாள். அவள் விரல் உதட்டில் பட்டது. இனிப்பு, நல்ல இனிப்பு, வரிக்கைச் சக்கை, வாய் நிறைய. மெல்பா தாளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, இது நான் போட்டதுதானா என்று மெல்ல, தன்னிடமே கேட்பதுபோலச் சொன்னாள், பிறகு இவளிடம், எனக்குப் பேசவே பயமாக இருக்கிறது, நீ போட்ட கலரைப் பார்த்துத்தான் அவர்கள் நம்பப்போகிறார்கள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்றாள். பெர்சிஸால் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் சக்கை. அது ஒரு வசதியாகவே இருந்தது. மெல்பா போனாள். இப்படிச் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு எளிது அவளுக்கு, பயம் என்று சொல்வது, உன்னால்தான் என்று சொல்வது. பெர்சிஸுக்கு இப்படி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமானால் ஒரு வாரம் எழுதிப் பார்க்க வேண்டும். திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதற்கு ஓர் அளவு உண்டு, உழைத்துப் பிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கையாவது உண்டு. இது திறமையும் அல்ல. மெல்பா இருக்கிற இருப்பு. அதைப் போய் எங்கே உழைத்துப் பிடிப்பது.

நூற்றெட்டு. மிச்சம் ஆறு, விடுதிக்கு முன்னால் வரிசையாக நிற்கிற ஆறு. மணி பதினொன்று இருபது. முதல் வட்டத்தில் பென்சிலை வைத்தாள். அந்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள், அங்கே மரம் இல்லை, இலை இப்படி வட்டமாக இல்லை, அங்கே சேம்பு. வட்டம் போட்டது மெல்பா, ஆனால் பச்சை போட்டால் அது மரமாகிவிடும், பச்சை போடுகிறவள் பெர்சிஸ். இவ்வளவு நேரமும் மெல்பாவின் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்த இடத்தில் அவள் கைக்கு வந்துவிட்டது. பென்சில் முனையை வட்டத்திலிருந்து எடுத்தாள். மனம் திருந்திவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. கை ஓடவில்லை, அவ்வளவுதான், ஒரு மரத்தைக்கூட மங்கலாகப் போட மறுத்த அதே கை இல்லாத மரத்தைப் போடவும் மறுத்தது. ஜன்னலில் தலையை நீட்டி மெல்பாவைக் கூப்பிட்டாள். மெல்பா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "இந்த மூலையில கட்ட முடியாது" என்றாள் பெர்சிஸ். "ஊத்து இருக்கு. சேம்பு நிக்குது. முட்டளவு சேறு." மெல்பா தாளைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தாள், இங்கிருந்து பார்த்தால் புல்தான். "நீ எப்ப பாத்த?" இப்பத்தான் ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடலாம், வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது, மூன்று நாளாக இருந்தது. "செவ்வாய்க்கிழம" என்றாள். மெல்பா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன் எனக்க ப்ளான எடுத்ததுக்கு முன்னயா, பின்னயா?" "முன்ன." ம் என்றாள் மெல்பா. திட்டுவாள் என்று பெர்சிஸ் காத்திருந்தாள், அழுதாலும் பரவாயில்லை, அல்லது அந்தச் சிரிப்பு. ஒன்றும் வரவில்லை. எவ்வளவு மேலே தள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள். இருபது மீட்டர், தையல் பள்ளிக்குப் பக்கத்தில். அப்படியானால் பலாமரம்? அதற்கு ஒன்றும் வராது. சரி என்றாள் மெல்பா. ஊடுருவித் தெரிகிற பட்டர் பேப்பரில் விடுதியைப் பெர்சிஸ் புதிதாக வரைந்தாள், மெல்பா இரண்டு பக்கமும் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டாள், வெட்டி மேலே ஒட்டினார்கள், பழைய விடுதியையும் முன்னால் இருந்த ஆறு வட்டங்களையும் பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த மூலையை நீலம் கலந்த பச்சையில் நிரப்பினார்கள். இருபத்தைந்து நிமிடம். இருவர் தலையும் ஒரே தாளின்மேல் குனிந்திருந்தன, மூச்சுச் சத்தம் கேட்டது, சக்கை வாசனை. வெளியே தொங்கவிட்டிருந்த லாரிச் சக்கரத்து இரும்பு வளையத்தை யாரோ கம்பியால் அடித்தார்கள். அதுதான் இங்கே ஆலயமணி. மெல்பா தாளைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

கூடத்தில் தகரக் கூரை சூட்டில் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. பெண்கள் தோள் கூராக நிற்கிற நீள உடுப்பில், ஆண்கள் பெரிய கோட்டில், இருநூறு பேர் இருக்கலாம். பெர்சிஸ் இரண்டாவது வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்பா வணக்கத்தைத் தப்பாகவே சொன்னாள், கூடம் சிரித்தது, பாஸ்டரம்மா பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தாள். பலாமரம், முற்றம், தையல் பள்ளி. பிறகு மெல்பா கிழக்கு மூலைக்கு வந்தாள். இப்போது என்னைப் பற்றிச் சொல்லப்போகிறாள், சொல்லட்டும், சொல்ல உரிமை உண்டு. விடுதியை முதலில் இங்கேதான் வைத்திருந்தேன், இங்கே ஊற்று இருக்கிறது, கட்டக் கூடாது, இன்றுதான் மாற்றினோம் என்றாள் மெல்பா. நான் இந்த மூலைக்கு நடந்துபோய்ப் பார்க்கவில்லை, மரத்தடியில் உட்கார்ந்தே வரைந்துவிட்டேன், தவறு என்னுடையது. பாஸ்டரம்மா மொழிபெயர்த்து முடித்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு, மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் எழுந்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அங்கே ஆடுகூட நிற்காது என்கிறார் என்று பாஸ்டரம்மா ஆங்கிலத்தில் சொன்னாள். அப்படியானால் உங்களுக்கெல்லாம் தெரியுமா என்று ரெஜினால்ட் அண்ணன் திகைத்துக் கேட்டார். பாஸ்டர் சங்கடமாகக் கையைப் பிசைந்தார். தெரியும். எல்லோருக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். விடுதி அங்கே என்று கேள்விப்பட்டோம், ஆனால் நீங்கள் கடல் தாண்டிக் கருவியெல்லாம் கொண்டு வந்தீர்கள், இந்தத் தண்ணீருக்கு உங்களிடம் ஏதோ வழி இருக்கும் என்று நினைத்தோம், விருந்தாளியைக் கேள்வி கேட்பது எங்களிடம் வழக்கமில்லை, திங்கட்கிழமை தோண்டியிருப்போம் என்றார். தோண்டியிருப்பார்கள். சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பார்கள், மரியாதைக்காக. மூன்று நாளாக அவள் நெஞ்சுக்குள் பூட்டிவைத்த ரகசியம் இந்தக் குன்றில் ஆடுமாடுக்குக்கூடத் தெரிந்த விஷயம், தெரியாதவர்கள் வந்திருந்த ஆறு பேர்தான், ஆறு பேரில் ஐந்து பேர். அண்ணன் குனிந்து இவள் காதில், "அந்தப் பிள்ளைக்க மனசப் பாத்தியா, தப்ப எப்படித் தன்மேல போட்டுக்கிட்டா" என்றார், அவர் கண் கலங்கியிருந்தது.

பெர்சிஸ் பார்த்தாள். மெல்பா சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், இவள் பக்கம் திரும்பவே இல்லை. மறைத்துக் காப்பாற்றுகிறாளா. இல்லை, இதிலும் நல்ல பெயர் வாங்குகிறாளா. இரண்டும் இல்லாமல், உண்மையிலேயே தன் தவறு என்றுதான் நினைக்கிறாளா, அப்படி நினைக்கக்கூடியவள்தான், அதுதான் தாங்க முடியவில்லை. முன்வரிசைப் பெண்கள் மெல்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள், பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நெஞ்சில் பழைய இடத்திலேயே பழைய முள் குத்தியது, கொஞ்சம்கூடக் குறையாமல். வரைபடம் அவளுடையது, மரம் அவளுடையது, கைதட்டல் அவளுடையது. அந்தச் சுவரில் பெர்சிஸுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்தத் தவறு, அதையும் எடுத்துக்கொண்டாள். பெர்சிஸ் எழுந்து நின்றாள். எழுந்தது மனந்திரும்பியா, இதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமலா என்று அவளுக்கே தெரியவில்லை, தெரிகிறவரை உட்கார்ந்திருந்தால் எழவே மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. பாஸ்டர், யாருக்கோ கேள்வி என்று நினைத்து, சொல்லுங்கள் சகோதரி என்றார். பெர்சிஸ் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னாள். அந்தத் தண்ணீரை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். மெல்பாவுக்குப் பெயர் வந்துவிட்டதே என்ற எரிச்சலில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். மெல்பா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், மடங்காத ஓரத்தை நீவி விட்டாள். பாஸ்டரம்மா முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்தாள், கூடம் கேட்டது. இரண்டாவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்திவிட்டு, பெர்சிஸைப் பார்த்தாள். இதைச் சொல்லாமல் விடட்டுமா என்று கேட்கிற பார்வை, விட்டுவிடுவாள், வேறு எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவாள், இருநூறு பேரில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. தகரம் டிக்கென்றது. பெர்சிஸ் தலையசைத்தாள். பாஸ்டரம்மா அதையும் சொன்னாள்.